அப்கிரேடுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லை: வீட்டிலா, பொள்ளாச்சியிலா, பாலக்காட்டிலா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்புகளில் பலரும் விண்டோஸ் 11-ஐ ஏற்றினார்கள், இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. சிலருக்கு மட்டும் கடைசி ரீஸ்டார்ட்டில் திரை கறுப்பாக நின்றுவிடுகிறது, அல்லது நீலத் திரை வருகிறது, அல்லது லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் ஊர்களில் இப்படி நடந்தால், போவதற்குப் பல திசைகள் உண்டு. மேற்கே பாலக்காடு. கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை. கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பொள்ளாச்சிக் கடை திறந்திருக்கும், தீபாவளிக்குப் பொள்ளாச்சி மூடினால் பாலக்காட்டில் கடை இருக்கும். வீட்டில் உட்கார்ந்தே சரிசெய்யவும் வழி இருக்கிறது.

இதில் எது நல்லது என்பதைத் தூரத்தையோ கூலியையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த லேப்டாப்புக்குள் வேறு எங்குமே இல்லாத ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விண்டோஸை எங்கே வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம், இறக்கலாம், ஏற்றலாம். கல்யாணப் படங்கள், பால் சொசைட்டிக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு ஆகியவை அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். நல்ல மெக்கானிக் லேப்டாப்பைக் கையில் வாங்கியதுமே "டேட்டா வேணுமாங்க, வேண்டாமாங்க?" என்றுதான் கேட்பார். அதைக் கேட்காமல் மூடியைத் திருகத் தொடங்கும் கடையிலிருந்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

எந்த வழியை எடுப்பதற்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பழைய சுழலும் ஹார்டுடிஸ்க் உள்ள லேப்டாப்பில் அப்கிரேடு ஒரே சதவீதத்தில் மணிக்கணக்கில் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சார்ஜரைச் செருகியபடியே இரவு முழுக்க விடுங்கள். பொறுமை இழந்து நடுவில் அணைப்பதாலேயே கெட்டுப்போன அப்கிரேடுகள் நிறைய. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் ஐப்பசி இடிமழை நாளில் அப்கிரேடு தொடங்குவதும் அதே போன்ற ஆபத்துதான், கரண்ட் ஒரு நொடி போனால் போதும்.

அப்புறம், செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பென்டிரைவ், பிரின்டர், மெமரி கார்டு, டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன், எதுவும் இருக்க வேண்டாம். சார்ஜரையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள். திரை மட்டும் கறுப்பாக இருந்து, உள்ளே விண்டோஸ் எழுந்த சத்தம் கேட்டால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டும் பார்க்கலாம்.

இதற்கும் எழவில்லை என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பழுது விண்டோஸில் இல்லை. டிஸ்க் செத்திருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம். வீட்டில் செய்கிற எதுவும் உதவாது, நேரே கடைக்குத்தான். தெரிந்தால் பழுது பெரும்பாலும் மென்பொருளில்தான், உங்களுக்கு எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. டிஸ்க் தெரிந்தும் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று நீலத் திரை வந்தால், பயாஸில் ஸ்டோரேஜ் பிரிவில் டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறையான ஏஎச்சிஐ, ரெய்டு என்ற அமைப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோன பழைய லேப்டாப்பில் இந்த அமைப்புகள் தானாகவே பழையபடி மாறிவிடும். அதைத் திருப்பி வைத்ததுமே எழுந்துவிடும் லேப்டாப்பை, தெரியாமல் ஃபார்மேட் செய்துவிடுவதும் நடக்கிறது.

ஒரு வகை லேப்டாப் மட்டும் எந்தப் பழுதுபார்ப்புக்கும் எழாது. கோர் 2 டுவோ காலத்து லேப்டாப்புகளில், தகுதிச் சோதனையைத் தாண்டுகிற தந்திரங்களை வைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றியவர்கள் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், அந்தப் பழைய பிராசசர்களில் பலவற்றில் இல்லாத ஒரு கட்டளைத் தொகுதி கட்டாயம் தேவைப்படுகிறது. அது இல்லாமல் பூட்டே ஆகாது. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு விண்டோஸ் 10-க்குத் திரும்புவது, அல்லது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ், இரண்டே வழிதான்.

48 இலக்கச் சாவி

வழிகளை எடைபோடும்போது எல்லாவற்றையும் தலைகீழாக்கக் கூடியது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. புதிய லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், நாம் கேட்காமலேயே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. அப்கிரேடு உடைந்து பழுதுபார்க்கும் திரைக்குள் போகும்போதோ, பயாஸில் எதையாவது மாற்றும்போதோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போதோதான் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் பொள்ளாச்சியில் மட்டுமல்ல, உலகத்தில் எந்த மெக்கானிக்காலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தபோது, பழுதை நீக்குவது ஒரு கோப்பை அழிக்கும் சின்ன வேலைதான். பூட்டிய டிஸ்க்குகளுக்கான சாவியைத் தேடித்தான் பல நிறுவனங்கள் திண்டாடின.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, டிவைஸ் விவரங்களில் பார்க்கலாம். இங்கேதான் நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல் இருக்கிறது. லேப்டாப் வாங்கிய நாளில் கடைப் பையனே ஒரு மெயில் முகவரி போட்டு எல்லாம் தயார் செய்து கொடுத்திருப்பான். சாவி அந்தக் கணக்கில் இருக்கும், அந்த முகவரி யாருக்கும் நினைவிருக்காது. அப்படியானால் வாங்கிய பில்லை எடுத்துக்கொண்டு முதலில் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும், பழுதுபார்க்கும் கடைக்கு அல்ல. கல்லூரியின் மெயிலோ அலுவலக மெயிலோ போட்டிருந்தால் சாவி அங்கே உள்ள ஐடி பிரிவிடம் இருக்கும்.

லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் வழி

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலாவது, விண்டோஸ் தன்னோடு வைத்திருக்கும் ரெக்கவரித் திரை. ஆன் செய்து லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் அடுத்த முறை அந்தத் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்பதை ஒருமுறை ஓடவிடலாம், கோப்புகளைத் தொடாது. ஆனால் எனக்கு அதைவிட நம்பிக்கையானது அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அதில் சமீபத்திய ஃபீச்சர் அப்டேட்டை (இங்கே விண்டோஸ் 11 அப்கிரேடுதான் அது) நீக்கச் சொன்னால் பழைய விண்டோஸ் 10 அப்படியே திரும்பி வரும், புரோகிராம்களோடு. இதற்கு ஒரு கெடு உண்டு: அப்கிரேடு ஆன பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். பழைய பதிப்பை வைத்திருக்கும் விண்டோஸ் ஓல்டு கோப்புறையை அதற்குமேல் விண்டோஸே அழித்துவிடும். அதனால் "அடுத்த வாரம் கோவை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று லேப்டாப்பைப் பீரோவில் வைக்காதீர்கள்.

அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸை எழுப்பும் சேஃப் மோடில் எழுகிறது என்றால் பழுது பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரிலோ ஆன்டிவைரஸிலோ இருக்கிறது. அதை நீக்கினால் போதும். பூட் கோப்புகள் மட்டும் கெட்டிருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டில் சரிசெய்யலாம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளில் பாதி பழைய பயாஸ் முறைக்கானவை. அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் உள்ள இன்றைய லேப்டாப்பில் அவை வேலை செய்யாது, அங்கே பிசிடிபூட் என்ற கட்டளைதான் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதும். எந்த முறை என்று தெரியாமல், டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் போன்ற கட்டளைகளில் கைவைக்க வேண்டாம். ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் ஒரு பார்ட்டிஷனே (டிஸ்க்கின் ஒரு பகுதியே) போய்விடும்.

எழுதுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்

உள்ளே முக்கியமான கோப்பு இருப்பவர்களுக்கு நான் முதலிடம் தருவது லைவ் பென்டிரைவுக்குத்தான். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி (இறக்குவதற்கு சுமார் 3 ஜிபி ஆகும்), அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பலாம். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப் என்று பூட் மெனு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுந்ததும் இன்ஸ்டால் பக்கமே போகாமல், சும்மா முயன்று பார்க்கும் நிலையில் வைத்து, விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து, உங்கள் பெயருள்ள கோப்புறையை வெளி ஹார்டுடிஸ்க்குக்கு நகலெடுங்கள். பாதியில் நின்ற விண்டோஸ் என்பதால் டிஸ்க் படிக்க மட்டும் திறக்கலாம். நமக்கு அதுவே போதும், சொல்லப்போனால் அதுதான் பாதுகாப்பு. பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் சாவி கேட்கும்.

இந்தப் பென்டிரைவைத் தயார் செய்ய வேறொரு கம்ப்யூட்டர் வேண்டும். இதில் கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் கம்ப்யூட்டர்களில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான், தமிழ் வழிப் பள்ளிகளிலும் அதுவே. எட்டாம் வகுப்பிலிருந்து லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி ஐடி குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. அப்படி ஒரு பிள்ளை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை இது. கடைக்குக் கொடுக்கும் கூலியைவிட, தன் கோப்பைத் தானே மீட்டெடுத்த பிள்ளையின் நம்பிக்கை பெரிது என்று நான் நினைக்கிறேன்.

கோப்பு வெளியே வந்துவிட்டால் மீதி எல்லாமே எளிது. ரெக்கவரித் திரையிலேயே இருக்கும் ரீசெட்டை, கோப்புகளை வைத்துக்கொள்ளும் வகையில் கொடுக்கலாம். உங்கள் பெயருள்ள கோப்புறைகள் இருக்கும், நிறுவிய புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். டேலி, போட்டோஷாப், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், அக்ஷயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) நடத்துபவர்களின் கைரேகைக் கருவி டிரைவர்கள், கையொப்ப டோக்கன் மென்பொருள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். அக்ஷயா மையமோ டிடிபி கடையோ நடத்துபவருக்கு இது இரண்டு நாள் தொழிலை நிறுத்திவிடும். அவர்களுக்கு ஃபீச்சர் அப்டேட்டை நீக்கிப் பழையதற்குத் திரும்புவதே மேல். சி டிரைவில் நேரடியாகக் கோப்புறை போட்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள், ரீசெட் அதைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

விண்டோஸ் பென்டிரைவ் இருந்தால் எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஏற்றலாமே என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கோப்பும் புரோகிராமும் இருக்கும்படி ஏற்றுகிற வகை, விண்டோஸ் எழுந்த நிலையில் உள்ளிருந்து தொடங்கினால்தான் நடக்கும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் புதிதாக ஏற்றுவது மட்டும்தான். அதிலும், ஃபார்மேட் கொடுக்காமல் அதே பார்ட்டிஷனில் ஏற்றினால் பழைய கோப்புகள் விண்டோஸ் ஓல்டு கோப்புறைக்குள் ஒதுங்கியிருக்கும். கடையில் கொடுப்பவர்கள் இந்த வகையில் செய்யச் சொல்லிக் கேட்கலாம், நிறையப் பேர் கேட்பதில்லை. எழுந்த அன்றே அதிலிருந்து கோப்புகளை எடுத்துவிட வேண்டும்.

கடையில் கொடுப்பது

கடைக்குக் கொடுப்பதில் தவறே இல்லை. சில நூறு ரூபாயில், சாயங்காலத்துக்குள் கையில் தந்துவிடுவார்கள். அந்த வேகத்துக்குக் காரணம், பெரும்பாலான கடைகளில் இதற்கு ஒரே மருந்து ஃபார்மேட் என்பதுதான். உள்ளே ஒன்றுமில்லாத லேப்டாப்புக்கு, எல்லாமே கூகுள் டிரைவில் இருப்பவர்களுக்கு, இதைவிட நல்ல வழி கிடையாது. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

கோப்பு இருக்கிறது என்றால் ஃபார்மேட்டுக்கு முன் இன்னும் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். பழைய ஹார்டுடிஸ்க்கில் தவறி ஃபார்மேட் செய்தாலும், மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை கோப்பை மீட்க வாய்ப்பு இருக்கும். சுழலும் பாகம் இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மேட் ஆனதும் டிரிம் என்ற கட்டளை வழியாக, அந்த இடம் இனி காலி என்று டிஸ்க்குக்கே தெரிவிக்கப்படும், டிஸ்க் அதைத் தானாகத் துடைத்துவிடும். "சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்" என்று அப்புறம் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டேட்டா வேண்டும் என்பதைக் கடையில் வாயால் சொல்வதோடு விடாமல் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் வாரன்டி காலத்துக்குள் உள்ளவர்களுக்கு, அதுவும் டிஸ்க்கே தெரியாதபோது, சரியான இடம். வாரன்டி பொதுவாக இந்தியா முழுக்கச் செல்லும் என்பதால், கோவையில் வாங்கியதைப் பாலக்காட்டில் கொடுக்கலாம், பாலக்காட்டில் வாங்கியதைக் கோவையிலும். அப்கிரேடு கோளாறு வாரன்டியில் வராது, டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்தும் கேட்பார்கள்.

பழையதற்கா, லினக்ஸுக்கா?

விண்டோஸ் 10-க்குத் திரும்புவது பாதுகாப்பா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அதில் சேர்ந்துகொண்டால் அதுவரை தாங்கும். அதன் பிறகும் வங்கி வேலையை அதில் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய மட்டும் பயன்படும் லேப்டாப்புக்கு லினக்ஸ் நல்ல முடிவு. எல்லையின் இரண்டு பக்கமும் இதற்குப் பழக்கம் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான லினக்ஸ் வகையான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டேலிக்கும் கைரேகைக் கருவிக்கும் மட்டும் லினக்ஸை நம்பி இறங்க வேண்டாம்.

லினக்ஸிலும் அப்கிரேடு உடைவது உண்டு. அங்கே மீள்வது எளிது. ஆன் செய்ததும் வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பட்டியலில் இருக்கும் பழைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும், அப்புறம் பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்துவைக்கலாம். பள்ளியிலிருந்து வந்த லேப்டாப் என்றால் நீங்கள் கைவைக்காமல் பள்ளிக்கே சொல்லிவிடுங்கள்.

கோப்பு முக்கியம், லைவ் பென்டிரைவ் வேலையில் கைவைக்கத் தைரியம் இல்லை, கடையையும் முழுதாக நம்ப முடியவில்லை என்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்து, விண்டோஸை அதில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை யாரும் தொடவே வேண்டாம். அதற்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி மாட்டினால் வெளி டிஸ்க்காக மாறிவிடும், வீட்டுக்கு வந்து நிதானமாகக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய டிஸ்க் என்றால் அப்போதும் சாவி வேண்டும். சுழலும் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதால் பழைய லேப்டாப்பின் வேகமும் நன்றாகக் கூடும். விலை ஃபார்மேட் கூலியைவிடப் பல மடங்கு ஆகும் என்பது உண்மைதான். டிஸ்க்கை போர்டிலேயே ஒட்டிவைத்த விலை குறைந்த சின்ன லேப்டாப்புகளில் இது நடக்காது, வாங்கும் முன் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரன்டி இருந்தால் மூடியைத் திறப்பது அதைப் பாதிக்குமா என்றும் கேளுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். அதில் ஆதார் நகலிலிருந்து குடும்பப் படம் வரை எல்லாம் இருக்கிறது, கடை மேசையில் கிடக்க விடாதீர்கள்.